உங்களுக்குத் தெரியுமா? யானைக்கவுனி வாசல் முதல் 6,000 மீட்டர் ஆழம் வரை!

சென்னை யானைக்கவுனி பாலத்தில் ஏறி நின்றால் ரயில் தெரியும், தண்டவாளம் தெரியும். கடல் தெரியாது! ஆனால் கிழக்கே கொஞ்ச தூரம் போனால் ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று ஒரு கரை நீண்டு கிடக்கிறது. உலகம் முழுக்கக் கடல் பொறியாளர்கள் பாடம் படித்த கரை அது! பேராசிரியர்கள், மாணவர்கள், விஞ்ஞானிகள், மீனவர்கள் எல்லாரும் சேர்ந்து அந்தக் கரையிலும் அதற்கு அப்பாலும் என்னென்ன செய்திருக்கிறார்கள்? தேடித் தேடிப் பிடித்து வந்திருக்கிறோம். ஒவ்வொன்றும் முத்து!

வாசலில் இருந்தே ஆரம்பிப்போம்!

கவுனி என்றால் வாசல். பழைய மதராஸின் கறுப்பர் நகரத்தைச் சுற்றி நின்ற மதிலின் வாசல்களில் ஒன்றுதான் யானைக்கவுனி. வாசலும் போயிற்று, மதிலும் பெரும்பாலும் போயிற்று. ஆனால் 'வால்டாக்ஸ் ரோடு' என்று சொல்லும்போதெல்லாம் நீங்கள் அந்த மதிலைத்தான் கூப்பிடுகிறீர்கள்!

பக்கத்திலேயே 'சால்ட் கொட்டாரஸ்' ரயில்வே யார்டு. இந்தப் பெயரைக் கேட்டு என்றாவது யோசித்திருக்கிறீர்களா? கொட்டாரம் என்றால் பண்டகசாலை. உப்பு குவித்து வைத்த கிடங்கு! யானைக்கவுனி வாசல்வரைக்கும் கடல் மூட்டையாக வந்து இறங்கியிருக்கிறது!

உப்பளங்கள் இருந்த எண்ணூரையும் சென்னையையும் இணைத்தது ஒரு கால்வாய். காக்ரேன் கால்வாய்! 1806-லேயே எண்ணூர் வரை வெட்டி முடித்துவிட்டார்கள். நாம் இன்று பக்கிங்ஹாம் கால்வாய் என்று சொல்வதன் முதல் துண்டு அதுதான். வயது 200-ஐத் தாண்டிவிட்டது!

ஒலிம்பிக் பாய்மரப் போட்டியில் இரட்டை உடல் படகுகள் பறக்கின்றனவே, 'கேட்டமரான்' என்கிறார்களே! அந்தச் சொல் நம் கட்டுமரம்! இந்தக் கரையில் பிறந்த சொல் உலக மொழிகளில் எல்லாம் மிதக்கிறது!

ஒரு சுவர், ஒரு மெரினா!

சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டியது 1875 டிசம்பரில். நாட்டியவர் பிரிட்டிஷ் இளவரசர். ஆறே ஆண்டுகள். 1881 நவம்பர் புயல் வந்து கட்டியதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனது! விட்டார்களா? மறுபடியும் கட்டினார்கள்!

நம் கடலோரத்தில் மணல் சும்மா கிடப்பதில்லை, நடக்கிறது! ஆண்டில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே போய்க்கொண்டே இருக்கிறது. எவ்வளவு? வருஷத்துக்குப் பல லட்சம் கன மீட்டர்!

நடுவில் துறைமுகச் சுவர் குறுக்கே நின்றது. மணல் தெற்கே தேங்கியது. தேங்கிய மணல்தான் மெரினா! ஒரு காலத்தில் கடற்கரைச் சாலைக்குப் பக்கம்வரை அலை வந்த இடத்தில் இன்று மணல்வெளியின் அதிகபட்ச அகலம் 437 மீட்டர்!

தெற்கே கிடைத்தது வடக்கே பறிபோனது. ராயபுரத்துக்கு வடக்கே 1876-க்கும் 1975-க்கும் இடையில் கடல் விழுங்கிய கரையின் அகலம் சுமார் 500 மீட்டர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்! நீங்கள் மெரினாவில் சுண்டல் சாப்பிடும் மணல், ராயபுரத்துக்குப் போயிருக்க வேண்டிய மணல்!

ஒரு சுவர் கட்டினால் ஒரு பக்கம் கரை வளரும், மறுபக்கம் தேயும். இந்த விதியைச் சொல்லிக்கொடுக்க உலகின் கடற்கரைப் பொறியியல் வகுப்புகள் எடுத்துக்காட்டும் இடங்களில் ஒன்று எது தெரியுமா? நம்ம மதராஸ் துறைமுகம்!

அந்த மணல் துறைமுகத்தின் வாசலையே அடைக்கப் பார்த்தது. சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் வந்தார். கிழக்கு பார்த்த வாசலை வடகிழக்குக்குத் திருப்பிவிட்டார்! ஒரு துறைமுகத்துக்கே வாஸ்து மாற்றிய மனிதர்!

கல்லால் ஒரு தூண்டில்!

கரை தேய்கிறது, என்ன செய்வது? சென்னை ஐ.ஐ.டி. கடல் பொறியியல் பேராசிரியர்கள் ஒரு வழி சொன்னார்கள். கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்வரிசைகள். 2004-ல் துறைமுகத்துக்கு வடக்கே வரிசையாக 10 எழுந்தன!

மீனவர்கள் அதற்கு வைத்திருக்கும் பெயரைக் கேளுங்கள். தூண்டில் வளைவு! மீன் பிடிக்க அல்ல, மணல் பிடிக்க! ஓடுகிற மணலைக் கொக்கி போட்டு நிறுத்தும் தூண்டில்!

திருவொற்றியூர் பக்கம் போனால் கிட்டப் போய்ப் பாருங்கள். ஒரு ஆள் கட்டிப்பிடிக்க முடியாத கருங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்று. இடுக்குகளில் நண்டு ஓடுகிறது. நுனியில் தூண்டில்காரர்கள் குந்தியிருக்கிறார்கள். ஒரு பக்கம் அலை மோதி உடைகிறது. மறுபக்கம் ஃபைபர் படகுகள் மணலில் ஏறிக் கிடக்கின்றன, வலை காய்கிறது. அந்த மணல்தான் பரிசு!

தமிழ்நாட்டுக் கரை எவ்வளவு தேய்கிறது? பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் செயற்கைக்கோள் படங்களை வைத்து அளந்தது. விடை: நூற்றுக்கு 42.7 பங்கு! நாட்டின் சராசரியோ 33.6 பங்குதான்!

தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளம் 906.9 கி.மீ. என்று மத்திய அரசு பல காலம் சொல்லிவந்தது. இன்னும் நுணுக்கமான வரைபடத்தை வைத்து, ஒவ்வொரு வளைவிலும் நெளிவிலும் புகுந்து மறுபடி அளந்தார்கள். இப்போது 1,068.69 கி.மீ.! ஒரு அங்குலம் நகராமல் 160 கி.மீ.க்கு மேல் கூடிவிட்டோம்!

புதுச்சேரியில் பல பத்தாண்டுகளாக மணலே இல்லாத கடற்கரையைப் பார்த்திருப்பீர்கள், வெறும் கருங்கல். தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் கடலுக்குள் ஒரு இரும்புப் பெட்டகத்தை இறக்கினார்கள். மணல் திரும்பி வந்தது! பெட்டகத்தின் எடை 900 டன்!

தொட்டிக்குள் கடல்!

சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் மான் இருக்கிறது, எல்லாருக்கும் தெரியும். கடல் இருக்கிறது, தெரியுமா? 1977-ல் கடல் பொறியியல் மையம் தொடங்கினார்கள். 1982-ல் அது தனித் துறையாக வளர்ந்தது!

அங்கே ஓர் அலைக் கால்வாய். ஒரு முனையில் பலகை முன்னும் பின்னும் அசையும். அலை புறப்பட்டு ஓடும். மறுமுனையில் கட்டப்போகும் சுவரின் குட்டி மாதிரி காத்திருக்கும். கால்வாயின் அகலம் 2 மீட்டர், நீளம் 72.5 மீட்டர்!

இன்னொரு அதிசயம். நூற்றில் ஒரு பங்கு அளவில் துறைமுக மாதிரி செய்தால், நேரமும் சுருங்கும்! நிஜக் கடலில் ஒரு மணி நேரம் அடிக்கும் புயல் அலை, தொட்டிக்குள் அடித்து முடிக்க எவ்வளவு நேரம்? ஆறே நிமிடம்!

கல் ஒன்று உருண்டால் தொட்டியில் உருளட்டும், கடலில் உருளக் கூடாது! அதற்காகத்தான் இத்தனை பாடு. விரல் நீளக் கற்களைக் கையால் அடுக்கி, வண்ணம் பூசி, எந்த நிறக் கல் எங்கே நகர்ந்தது என்று எண்ணிப் பார்ப்பது இந்தச் சோதனையில் வழக்கம். அந்தக் குட்டிக் கல்லுக்குப் பின்னால் ஒரு குப்பமே நிற்கிறது!

அது போதவில்லை! தையூரில் ஐ.ஐ.டி.யின் புதிய வளாகத்தில் ஆழம் குறைந்த அலைத்தொட்டி ஒன்று வந்துவிட்டது. அந்த வகையில் ஆசியாவிலேயே பெரியது! துறைமுகம், ஆறு, கடலோரம் மூன்றையும் அங்கே குட்டியாக வடித்துச் சோதிக்கலாம்!

துறைமுக அமைச்சகமும் ஐ.ஐ.டி.யும் கைகோத்து ஒரு தேசியத் தொழில்நுட்ப மையத்தையே நடத்துகின்றன. துறைமுகங்களில் தூர் வாருவதைக் கணினித் திரையில் நேரடியாகக் கண்காணிக்கும் 'சாகர் சம்ருத்தி' அங்கே பிறந்தது. ஆண்டு 2023. எவ்வளவு மணல் அள்ளினார்கள் என்று இனி வாய்க்கணக்கு செல்லாது!

பள்ளிக்கரணையில் கம்பீரமாக நிற்கிறதே தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், அது தவழ்ந்த வீடு எது? ஐ.ஐ.டி. வளாகம்! 1993 நவம்பரில் தொடங்கியபோது அங்கேதான் குடியிருந்தது. முதல் இயக்குநர் எம். ரவீந்திரனும் ஐ.ஐ.டி. கடல் பொறியியல்காரர்!

அலையில் எரிந்த விளக்கு!

கடல் அலையை வைத்து மின்சாரம்! கதை அல்ல. திருவனந்தபுரம் பக்கம் விழிஞ்ஞத்தில் ஐ.ஐ.டி. விஞ்ஞானிகள் 1991-லேயே செய்து காட்டினார்கள். அலை ஏறி இறங்க, பெட்டிக்குள் அடைபட்ட காற்று பாய்ந்து சுழலியைச் சுற்றும். திறன் 150 கிலோவாட்!

31 ஆண்டு கழித்து அதே வேட்கை மறுபடி கடலில் இறங்கியது. 2022 நவம்பர், தூத்துக்குடி. கரையிலிருந்து 6 கி.மீ. தூரம், 20 மீட்டர் ஆழம். ஐ.ஐ.டி. உருவாக்கிய மிதவை அலையில் ஆடி மின்சாரம் தந்தது. பெயரைக் கேளுங்கள்: சிந்துஜா-1. கடலின் மகள்!

அடுப்பில்லாமல் ஆவி!

தண்ணீர் 100 டிகிரியில்தான் கொதிக்கும் என்று படித்தோம். காற்றழுத்தத்தை நன்றாகக் குறைத்துப் பாருங்கள், நம் ஊர்க் கடல்நீர் 28 டிகிரியிலேயே ஆவியாகும்! ஆழ்கடலின் குளிர்நீரைத் தொட்டதும் அந்த ஆவி குடிநீராகச் சொட்டும். நெருப்பே வேண்டாம்!

இந்த வித்தையை வைத்து 2005 மே மாதம் லட்சத்தீவின் கவரத்தியில் ஆலை போட்டது தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம். சுமார் 350 மீட்டர் ஆழத்திலிருந்து குளிர்நீர் வருகிறது. தீவு மக்களுக்குக் கிடைக்கும் குடிநீர் நாளுக்கு 1 லட்சம் லிட்டர்!

2007-ல் துணிச்சல் கூடியது. சென்னைக் கரையிலிருந்து 40 கி.மீ. தள்ளி, 1,000 மீட்டர் ஆழக் கடலில் ஒரு மிதவைக் கப்பலை நிறுத்தினார்கள். அதன் மேலேயே குடிநீர் ஆலை! திறன் நாளுக்கு 10 லட்சம் லிட்டர்!

இப்போது நம்ம பேட்டைக்கு வாருங்கள். வடசென்னை அனல் மின் நிலையம் குளிர்விக்க எடுக்கும் கடல்நீரைச் சூடாக வெளியேற்றுகிறது. அந்தக் கழிவுச் சூட்டையே பயன்படுத்திக் குடிநீர் செய்து காட்டினார்கள். ஆண்டு 2009. நாளுக்கு 1.5 லட்சம் லிட்டர்! ஆழ்கடலுக்கே போகவில்லை, வெறும் 10 டிகிரிச் சூட்டு வித்தியாசம் போதுமாக இருந்தது!

மீஞ்சூர் குடிநீர் என்று சொல்கிறோமே, அந்த ஆலை நிற்பது காட்டுப்பள்ளிக் கடற்கரையில். 2010-ல் ஓட ஆரம்பித்தபோது நாட்டிலேயே பெரியது! நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர்! உங்கள் வீட்டுக் குடத்தில் வங்காள விரிகுடா!

மீனுக்கு ஒரு பள்ளிக்கூடம்!

இந்தியாவின் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இன்று கொச்சியில் இருக்கிறது. பிறந்தது? சென்னையில்! 1947 பிப்ரவரி 3. சுதந்திரத்துக்கே ஆறு மாதம் மூத்தது! முதலில் இயங்கிய இடம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறை!

ராயபுரத்தில் 1968 முதல் ஒரு மத்தியப் பயிற்சி நிறுவனம் நடக்கிறது. சொல்லித் தருவது என்ன? மீன்பிடிக் கப்பலை ஓட்ட, அதன் எந்திரத்தைப் பராமரிக்க! வகுப்பறைக்குக் கூப்பிடு தூரத்தில் கடல்!

பொன்னேரியில் எம்.ஜி.ஆர். பெயரில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது, தெரியுமா? தமிழ்நாட்டு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் பிள்ளை. மீனுக்கு டாக்டர், மீனுக்குத் தீவனக்காரர், மீனுக்குப் பொருளாதார நிபுணர் எல்லாரும் அங்கே தயார்! பல்கலைக்கழகம் பிறந்தது 2012-ல்!

கொடுவா மீனை ஆசையாக வாங்குகிறீர்கள். அது ஆணாக வாழ்க்கையைத் தொடங்கி, சில ஆண்டுகள் கழித்துப் பெண்ணாக மாறிவிடும்! அந்தக் கொடுவாவைத் தொட்டியில் வைத்துக் குஞ்சு பொரிக்கச் செய்து இந்தியாவிலேயே முதலில் ஜெயித்தது சென்னையின் உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனம். ஆண்டு 1997!

அதே நிறுவனம் 2015-ல் பால்கெண்டையையும் வசப்படுத்தியது. கடலில்தான் முட்டையிடுவேன் என்று அடம் பிடித்த மீன், முட்டுக்காட்டுத் தொட்டியில் முட்டையிட்டது. இந்தியாவில் அதுவே முதல் முறை!

ஆந்திராவில் வளர்ந்தாலும் குஜராத்தில் வளர்ந்தாலும், வனாமி இறாலின் வெளிநாட்டுத் தாய் தந்தைகள் இந்தியாவுக்குள் நுழையும் வாசல் ஒன்றே ஒன்று. நம்ம நீலாங்கரை! அங்கே தனிமைப்படுத்தி, நோய் இல்லை என்று சோதித்த பிறகுதான் மற்ற ஊருக்கு விடுவார்கள். 2009 முதல் நடக்கிறது. இறாலுக்கும் குவாரண்டைன்!

மீன் எங்கே கூடும் என்று விண்வெளியில் இருந்து சொல்ல முடியுமா? முடியும்! கடலின் நிறம், வெப்பம் இரண்டையும் செயற்கைக்கோள் பார்க்கும். பாசி செழித்த இடம் தெரியும். பாசி இருந்தால் மீன் வரும். அந்தச் சேதியை எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் மீனவர் கைபேசிக்கே அனுப்பியது. தமிழில்!

ஆனால் செயற்கைக்கோளுக்கு முன்பே நம் குப்பங்களுக்குக் கடல் தெரியும்! வடக்கேயிருந்து வரும் நீரோட்டம் வண்ணி, தெற்கேயிருந்து வருவது தெண்டி. காற்றுக்குக் கச்சான், கொண்டல், வாடை என்று திசைக்கொரு பெயர். எந்தப் பாடநூலும் அச்சாவதற்கு முன்பே எழுதாமல் எழுதிய பாடநூல் இது!

அந்த அறிவைத் தேடி இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகம் கேரளத்துக்கே வந்தது! கொச்சிப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து திருவனந்தபுரம் மீனவர்களோடு உட்கார்ந்து வானிலை முன்னறிவிப்பைச் சீர்படுத்தினார்கள். படித்தவர் பாதி, படகுக்காரர் பாதி!

வங்காள விரிகுடா நாடுகளின் மீன்வளத் திட்டத்துக்குத் தலைமையகம் எங்கே? டாக்கா இல்லை, கொழும்பு இல்லை. சென்னை! 1979 முதல்! இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு நான்கும் உறுப்பு நாடுகள்!

கழிமுகத்தில் கை வைத்தால்!

எண்ணூரிலும் பழவேற்காட்டிலும் வலையே இல்லாமல் இறால் பிடிக்கிறார்கள்! இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் தடவிக்கொண்டே நகர்வார்கள். இறால் விரலில் தட்டுப்பட்டதும் ஒரே அமுக்கு. பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. அந்தப் பறி தொங்குவது பல்லில்! இரண்டு கையும் இறாலுக்கு, வாய் பைக்கு!

அந்த விரல்கள் ஒரு சேதியைச் சொல்லின. சேற்றில் புதிதாக ஒரு சிப்பி கம்பளம்போல் படர்கிறது, இறாலும் மஞ்ச மட்டியும் மறைகின்றன என்று! மக்கள் அதற்கு வைத்த பெயர் காக்கா ஆழி. ஆராய்ந்து பார்த்தால் அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா. கடல் தாண்டி வந்த வம்பு!

சிப்பி எப்படிப் பயணம் செய்யும்? டிக்கெட் இல்லாமல், கப்பலில்! கப்பல் நிலை தடுமாறாமல் இருக்க அடிவயிற்றில் கடல்நீரை நிரப்பிக்கொள்ளும். ஒரு நாட்டில் நிரப்பி இன்னொரு நாட்டில் கொட்டும்போது உயிர்களும் இறங்கிவிடும். இதைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2017 செப்டம்பர் 8-ல்தான்!

அதே 2017, ஜனவரி 28. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. கறுப்புக் களியாக எண்ணெய் கரையேறியது. எண்ணெய் எந்தப் பக்கம் நகரும் என்று கணினி கணக்குப் போட்டது. அள்ளியது யார்? கடலோரக் காவல் படையினர், மீனவர்கள், கல்லூரி மாணவர்கள்! கையில் வாளி! எந்திரத்தைவிட அதிகம் அள்ளியது மனிதக் கை!

பழவேற்காட்டில் யார் எங்கே வலை போடுவது என்பதைக் குலுக்கல் போட்டு முறை வைக்கும் வழக்கம் உண்டு. பெயர் பாடு! இன்று நல்ல இடம் எனக்கென்றால் நாளை உனக்கு. இதே பாடு முறை கொச்சியிலும் உண்டு. அதை ஆராய்ந்தவர்கள் எங்கிருந்து வந்தார்கள் தெரியுமா? கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகம்!

சோழமண்டலக் கரையின் மீனவப் பஞ்சாயத்துகள் எப்படிக் கடலை ஆள்கின்றன என்று ஒரு முழுப் புத்தகமே எழுதினார் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தின் மார்ட்டன் பாவிங்க். 2001-ல் வெளிவந்தது. நம் குப்பத்துப் பெரியவர்களின் தீர்ப்பு, ஐரோப்பாவில் பாடம்!

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை மையம் 1961 முதல் கடல் உயிர்களைப் படிக்கிறது. சுனாமிக்குப் பிறகு அதன் ஆராய்ச்சியாளர்கள் அக்கம்பக்கத்துக் குப்பங்களுக்குப் போய்ச் சேதத்தை அளந்தார்கள். அலையாத்திக் காடு முன்னால் நின்ற இடத்தில் சேதம் குறைவு என்று 2005-ல் எழுதினார்கள். ஆராய்ந்த குப்பங்கள் 18!

அலையாத்தி என்ற பெயரைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். அலையை ஆற்றும் காடு! ஆய்வுக் கட்டுரையின் முடிவைப் பெயராகவே வைத்திருக்கிறது தமிழ்! எண்ணூர்க் கழிமுகத்தில் இன்னும் நிற்கும் ஒவ்வொரு கண்டல் மரமும் ஒரு காவல்காரன். காப்பாற்றியே ஆக வேண்டும்!

வெள்ளத்துக்கு முன்னே ஓடு!

2015 வெள்ளத்தை மறக்க முடியுமா? அதற்குப் பிறகு ஐ.ஐ.டி. சென்னை, ஐ.ஐ.டி. மும்பை, அண்ணா பல்கலைக்கழகம், தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் எல்லாம் ஒரே மேஜையில் உட்கார்ந்தன. மழை, ஆறு, கடல் மட்டம் மூன்றையும் சேர்த்து எந்தத் தெருவில் தண்ணீர் ஏறும் என்று சொல்லும் ஏற்பாடு பிறந்தது. கடலோர நகருக்கு இப்படி ஒன்று இந்தியாவில் அதுவே முதல்!

நாட்டின் கடலோர மேலாண்மைக்கான தேசிய மையம் டெல்லியில் இல்லை. கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் இருக்கிறது! 2011 முதல்!

சுனாமியை எச்சரிக்கும் மிதவைகளோடு சேர்ந்து வேலை செய்யும் கருவி கடலின் அடியில் படுத்திருக்கும். மேலே பல ஆயிரம் மீட்டர் தண்ணீர். அத்தனை ஆழத்தில் இருந்து அது கண்டுபிடிக்கும் நீர்மட்ட மாற்றம் எவ்வளவு? 1 சென்டிமீட்டர்!

1883-ல் இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடித்தது. அதன் அலை சென்னைவரை வந்து, இங்கிருந்த கடல்மட்டக் கருவியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனது! ஆதாரம் அன்றே காகிதத்தில் பதிந்துவிட்டது!

நள்ளிரவில் நீலாங்கரையிலிருந்து மெரினாப் பக்கம் ஒரு கூட்டம் மணலில் நடக்கிறது. மாணவர்கள்! பங்குனி ஆமை இட்ட முட்டைகளை எடுத்துப் பாதுகாப்பான இடத்தில் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். 1988 முதல் மாணவர் தலைமுறைகள் மாறி மாறி நடந்துகொண்டே இருக்கின்றன!

அந்தக் குஞ்சு ஆணா பெண்ணா என்று முடிவு செய்வது யார்? மணல்! சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். கரை கெட்டால் குடும்பமே கெடும்!

ஆழம்... ஆழம்... இன்னும் ஆழம்!

மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோகும் இந்திய வாகனம் மத்ஸ்யா 6000. அதன் முதல் ஈரச் சோதனை எந்தத் துறைமுகத்தில் நடந்தது? எண்ணூருக்குப் பக்கத்துக் காட்டுப்பள்ளி! 2025 ஜனவரி 27 தொடங்கி பிப்ரவரி 12 வரை. ஆட்களை உள்ளே உட்கார வைத்தே முக்கி எடுத்தார்கள்!

அந்த மூவரும் உட்காரும் உருண்டை டைட்டானியத்தால் ஆனது. சுவரின் கனம் 80 மில்லிமீட்டர். உள்விட்டம் 2.1 மீட்டர்தான். ஒரு ஆட்டோவுக்குள் நெருக்கி உட்கார்ந்த மாதிரி! வெளியே அழுத்தமோ நாம் உணரும் காற்றழுத்தத்தைப் போல் சுமார் 600 மடங்கு!

ஆபத்து வந்தால்? உள்ளே இருப்பவர்கள் உயிரோடு தாக்குப்பிடிக்க ஏற்பாடு இருக்கிறது. 96 மணி நேரம்!

2025 ஆகஸ்டில் இரண்டு இந்தியர்கள் பிரெஞ்சு வாகனத்தில் அட்லாண்டிக்கில் இறங்கிப் பழகினார்கள். ஒருவர் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவன விஞ்ஞானி. அவர் தொட்ட ஆழம் 4,025 மீட்டர். மறுநாள் மற்றவர் தொட்டது 5,002 மீட்டர்!

2021-ல் அதே நிறுவனத்தின் 'வராஹா' எந்திரம் இந்தியப் பெருங்கடலின் அடித்தரையில் ஊர்ந்தது. ஆழம் 5,270 மீட்டர்! அங்கே மாங்கனீசு, நிக்கல், கோபால்ட் நிறைந்த கட்டிகள் உருளைக்கிழங்குபோல் இறைந்து கிடக்கின்றன. இந்தியாவுக்கு ஒதுக்கிய பரப்பு 75,000 சதுர கி.மீ.! அத்தனை காலம் தூங்கிய தரையை எழுப்பாமல் எடுப்பது எப்படி என்பதுதான் இனி ஆராய்ச்சி!

உலகமும் இப்படித்தான்!

கடலைப் படிக்கப் புறப்பட்ட முதல் பெரும் பயணம் 'சேலஞ்சர்' கப்பலுடையது. 1872 முதல் 1876 வரை. தலைமை தாங்கியவர் எடின்பரோ பல்கலைக்கழகப் பேராசிரியர்! கண்டுபிடித்த புது உயிரினங்கள் சுமார் 4,700. எழுதித் தீர்க்க ஆன தொகுதிகள் 50!

1960-களில் இந்தியப் பெருங்கடலை மட்டும் ஆராய உலகமே திரண்டு வந்தது. 40-க்கும் மேற்பட்ட கப்பல்கள்! அந்த உற்சாகத்தில்தான், இன்று கோவாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனம் 1966-ல் எழுந்தது!

அமெரிக்கா 1966-ல் ஒரு சட்டம் போட்டது. கடலோரத்துப் பல்கலைக்கழகங்கள் கடலோர மக்களுக்கு வேலை செய்ய வேண்டும் என்று! இன்று அப்படி ஓடும் திட்டங்கள் 34!

பக்கத்து இலங்கையில் கடலுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம்! கொழும்பு மட்டக்குளியில் இருக்கிறது. சட்டம் வந்தது 2014-ல். நமக்கும் உண்டு! இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம், 2008 நவம்பர். தலைமையகம் வேறெங்கே? சென்னையேதான்!

மறுபடி யானைக்கவுனிக்கு!

72.5 மீட்டர்க் கால்வாயில் அலை எழுப்பும் பேராசிரியர், ஓலைப் பறியைப் பல்லில் கடித்த பெண், ஆமை முட்டையைப் பையில் சுமக்கும் மாணவன், டைட்டானிய உருண்டைக்குள் இறங்கும் விஞ்ஞானி. நால்வர் வேலையும் ஒன்றுதான்! கடலைக் கேட்பது, கேட்டபடி நடப்பது!

கல்லூரி தனியாக நின்றபோது கட்டுரை மிஞ்சியது. குப்பம் தனியாக நின்றபோது கரை தேய்ந்தது. இரண்டும் சேர்ந்தபோது ராயபுரத்துக்கு வடக்கே மணல் வந்தது!

அடுத்த முறை யானைக்கவுனி பாலத்தில் வண்டி நின்றால் சால்ட் கொட்டாரஸ் பக்கம் ஒரு பார்வை பாருங்கள். எண்ணூர்க் கடல் ஒரு காலத்தில் உப்பாக உங்களைத் தேடி அங்கே வந்தது. இப்போது நீங்கள் அதைத் தேடிப் போங்கள். தூண்டில் வளைவில் ஒரு மாலை உட்காருங்கள். உங்கள் காலடியில் இருக்கும் அந்த மணல் எப்போது வந்து சேர்ந்தது தெரியுமா? 2004-க்குப் பிறகு!